எந்த ‘அவர்’?

அமெரிக்காவில், பார்சிப்பனி என்ற ஊரில், ஒரு காபிக் கடையில் என் ஆங்கிலம் குப்புற விழுந்தது. பாளையங்கோட்டையில் முப்பது வருடம் பெண் பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கணம் சொல்லிக்கொடுத்தவள் நான். கல்லாவில் நின்ற பெண் மூச்சுவிடாமல் ஏதோ கேட்டாள். கடைசியில் வந்த “டு கோ?” மட்டும்தான் பிடிபட்டது. “ஆமாம், நாளை மறுநாள் டெக்சாஸுக்குப் போகிறேன்” என்று எழுவாய் பயனிலையோடு பதில் சொன்னேன்.

அவள் ஒரு கணம் விழித்தாள். பிறகு, “அதுவரைக்கும் காபி தாங்குமா?” என்றாள்.

எனக்குப் பின்னால் நின்ற மாலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாலா என்னிடம் படித்தவள். இப்போது அங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். டெக்சாஸ் போகிற வழியில் அவள் வீட்டில் தங்கியிருந்தேன். “டீச்சர், காபிய இங்கயே குடிக்கீங்களா, கையில எடுத்துட்டுப் போறீங்களான்னு கேக்கா” என்றாள். நானும் சிரித்தேன். ஐம்பத்தாறு வயதில் முதல் தடவையாகக் கடல் தாண்டி வந்திருக்கிறேன், வந்த மறுநாளே மார்க் போய்விட்டது. இருந்தும் வருத்தமே வரவில்லை. காபி கிண்ணம் எங்கள் வீட்டுத் தண்ணீர்ச் செம்பு அளவு இருந்தது. அதைப் பார்த்த சந்தோஷத்தில் எல்லாம் மறந்துபோயிற்று.

அது தொண்ணூறுகளின் கடைசி. ஈஸ்டர் முடிந்த மறுவாரம். தெருவோர மரங்களில் ஒரு இலை கூட இல்லை, ஆனால் கிளை தெரியாமல் இளஞ்சிவப்புப் பூ. போலீஸ்காரரே இல்லாத சந்திப்பில் சிவப்பு விளக்குக்கு ஒற்றைக் கார் அடக்கமாக நின்றுகொண்டிருந்தது. வட்டமாக, நடுவில் ஓட்டையோடு ஒரு ரொட்டி கொடுத்தார்கள். மெதுவடை என்று நம்பிக் கடித்தேன், பல்லைப் பதம் பார்த்தது. மாலா கார் ஓட்டியபோது இடப்பக்கம் திரும்புவதற்காக வலப்பக்கம் பிரிந்து, ஒரு சுற்றுச் சுற்றி வந்து சாலையைக் குறுக்கே கடந்தாள்.

“வழி தப்பிட்டியா?”

“இல்ல டீச்சர். நியூஜெர்சில லெப்ட் எடுக்கணும்னா பல இடத்துல ரைட்லதான் போகணும்.”

இன்னொரு தடவை திரும்பிக் காட்டச் சொன்னேன். காட்டினாள்.

நான் வந்த காரியம் டெக்சாஸில் இருந்தது. டல்லாஸ் பக்கம் காப்பெல் என்ற ஊரில் என் தம்பி ஜெபா இருக்கிறான். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்து மூன்று நாள் கூட்டம் வைத்திருந்தார்கள். ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வந்த அப்பா அம்மாக்கள் நிறையப் பேர். அமெரிக்கப் போதகர் பேசுவதை அவர்களுக்குத் தமிழில் சொல்ல ஆள் வேண்டும். “அக்காவ விட்டா யாரு இருக்கா?” என்று ஜெபா என்னை இழுத்து வந்துவிட்டான்.

ஊரில் கன்வென்ஷன் என்கிற பெரிய ஜெபக்கூட்ட மேடைகளில் மொழிபெயர்ப்பது எனக்குப் பழகிய வேலை. அதில் ஒரு விதி உண்டு. ‘அவர் இப்படிச் சொல்கிறார்’ என்று சொல்லக் கூடாது. பேசுபவர் ‘நான்’ என்றால் நாமும் ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும். பட்டுச் சேலையும் கொண்டையுமாக நின்றுகொண்டு, “நான் பெரிய குடிகாரனாக இருந்தேன்” என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். “நான் சிறையிலே தேவனைக் கண்டேன்” என்றும் சொல்லியிருக்கிறேன். முதல் வரிசைப் பெண்கள் சிரிப்பார்கள். எனக்கு ஒன்றும் தோன்றாது. குழாய் வழியே தண்ணீர் போவது போலப் போய்விடும்.

டெக்சாஸில் இறங்கியதும் கண்ணில் பட்டது வானம்தான். இவ்வளவு வானத்தை ஒரே இடத்தில் நான் பார்த்ததில்லை. ஜெபாவின் மனைவி ஷீலா எனக்குப் பிடித்த சொதி வைத்திருந்தாள். அவர்கள் மகள், நான் தமிழில் எது கேட்டாலும் எல்லாம் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். அந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூட்டம் தொடங்கியது. இடம், அமெரிக்கப் போதகர் தம் ஆலயத்தில் ஒதுக்கிக் கொடுத்த ஹால். அவரை எல்லோரும் பாஸ்டர் டேவ் என்றார்கள். நெடுநெடுவென்ற உயரம், காலில் தோல் பூட்ஸ். இளவயதில் காளையின் முதுகில் ஏறிச் சவாரி செய்யும் போட்டிக்குப் போனாராம். “என்னை யாரும் வெல்ல முடியாது என்று நினைத்தேன். காளை என்னை மண்ணில் எறிந்தது” என்றார். நானும் அப்படியே சொன்னேன். முன்வரிசையில் இருந்த மதுரைப் பெரியவர் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்து, “எந்த ஊரு மாடும்மா?” என்று என்னிடமே கேட்டார். அதை ஆங்கிலத்தில் சொன்னேன். போதகர் ஊர்ப் பெயரைச் சொன்னார், காளையின் பெயரையும் சொன்னார். பெரியவருக்கு முழுத் திருப்தி. அதற்குப் பிறகு அவர் ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்.

மறுநாள் காலை மதியச் சாப்பாட்டுக்கான பிரியாணியை எடுத்து வர ஜெபாவும் நானும் போனோம். வேனின் பின்பக்கம் நிறைய அலுமினியத் தட்டுகளில் பிரியாணி. ஃப்ரீவேயில் வரும்போது ‘டப்’ என்று சத்தம். வண்டி ஒருபக்கம் சாய்ந்தது. ஜெபா எப்படியோ ஓரம் கட்டிவிட்டான். மாற்றுச் சக்கரம் இருந்ததோ பிரியாணிக்கு அடியில்.

ஒவ்வொரு தட்டாக இறக்கிப் புல்லில் வைத்தோம். பக்கத்தில் லாரிகள் இரைந்துகொண்டு போயின. ஒவ்வொரு லாரிக்கும் என் முந்தானை பறந்தது, தட்டின் மூடித்தாளும் பறந்தது. நான் குறுக்கும் நெடுக்கும் ஓடி மூடிக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு சாம்பல் நிறக் கார் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றது. பேண்ட் சட்டை போட்ட, குள்ளமான ஓர் அம்மாள் இறங்கினார். அறுபது வயது இருக்கும்.

“ரோட்டோரத்தில சீலை கட்டின ஆளைக் கண்டா நிக்காமப் போகேலுமோ?” என்றார். யாழ்ப்பாணத் தமிழ். “என்ன, ரயர் வெடிச்சிட்டுதோ?”

ஜெபா சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டே, “ஆன்ட்டி, அந்த ட்ரேயக் கொஞ்சம் பிடிச்சுக்கிடுங்க, பறந்துரும்” என்றான். அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்து, ஒரு தட்டை மடியில் வைத்துக்கொண்டார். இரண்டை இரு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“கூட்டத்துக்கோ கொண்டு போறியள்? நானும் அங்கதான். என்ர பேர் றஞ்சினி. ஹூஸ்டனுக்குக் கிட்ட, பேர்லாண்டில இருந்து கார் ஓடி வாறன்.”

“அவ்வளவு தூரத்துல இருந்தா! கேக்கதுக்கா?” என்றேன்.

“கதைக்கிறதுக்கு. ஆண்டவர் என்ர வாழ்க்கையில செய்ததைச் சாட்சியாச் சொல்லக் கேட்டிருக்கினம். எனக்கு அப்பிடிக் கதைச்சுப் பழக்கமில்லை. பயமாக் கிடக்கு.”

ஊரில் டீச்சராக இருந்தவள் என்றும், மொழிபெயர்ப்பது நான்தான் என்றும் சொன்னேன். “அப்ப என்ர பயத்தில பாதி உங்களுக்கு” என்று சிரித்தார்.

ஹாலில் அவரை அறிமுகப்படுத்தியபோதுதான் ஜெபாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். ஹூஸ்டனில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் இருதய அறுவை சிகிச்சைப் பிரிவுக்கே தலைவர் அவர். “அக்கா, அவங்களப் போயி ட்ரேயப் பிடிக்கச் சொல்லிட்டனே” என்று காதைக் கடித்தான். மேடை ஏறப்போன றஞ்சினிக்கு அது கேட்டுவிட்டது. “ஒண்டும் விழாமல் பிடிச்சனான் தானே தம்பி?” என்று சொல்லிவிட்டுப் போனார்.

என்னைவிட நல்ல ஆங்கிலம் பேசக்கூடியவர். ஆனாலும் தமிழில்தான் பேசுவேன் என்றார். “இது எனக்குத் தமிழில நடந்தது” என்று பாஸ்டர் டேவிடம் விளக்கினார். ஆகவே அன்று என் வேலை தலைகீழ். போதகருக்கும் ஆங்கிலப் பிள்ளைகளுக்கும் நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும்.

அவர் கணவரும் டாக்டர். யாழ்ப்பாணத்தில் சண்டை நடந்த நாட்களில் மண்ணெண்ணெய் வாங்கச் சைக்கிளில் போனவர். ஷெல் விழுந்தது. அவர் திரும்பி வரவில்லை. றஞ்சினி இதையெல்லாம் நோயாளியின் விவரம் சொல்வது போலச் சொன்னார். நானும் அப்படியே சொன்னேன்.

“அதுக்குப் பிறகு நான் ‘நான்’ எண்டு ஜெபம் பண்ணினதே இல்லை. கோயிலுக்குப் போவன். ‘எங்களுக்கு இரங்கும், எங்களை ஆசீர்வதியும்’ எண்டு எல்லாரோடையும் சேர்ந்து சொல்லுவன். ‘நான்’ எண்டு தொடங்கினா மிச்சத்தையும் சொல்ல வேணும். அதுக்குப் பயம்.”

மொழிபெயர்த்தேன்.

“இஞ்ச வந்து திரும்பவும் சோதினை எழுதினன். என்ர பிள்ளை வயசுப் பெடியளுக்குக் கீழ வேலை செய்தனான். ஊரில பெரிய டொக்டர். இஞ்ச ஒரு பெடியன் எனக்குக் கை கழுவிறது எப்பிடி எண்டு காட்டித் தந்தான். அண்டைக்கு வேலை முடிஞ்சு காருக்குள்ள வந்து இருந்தன். சாவியைப் போடேல்லை. அப்பதான் கத்தினன். ‘எனக்கு உம்மோட கோவம். ஏன் அவரைக் கொண்டு போனனீர்? எனக்கு உம்மோட கோவம்.’”

“ஐ...” என்று தொடங்கினேன். அடுத்த சொல் வரவில்லை.

சொல் தெரியாமல் இல்லை. கோபத்துக்கு ஆங்கிலத்தில் எத்தனை சொல் வேண்டும், நான் தருவேன். மறுபடியும் “ஐ...” என்றேன். மைக் என் மூச்சை மட்டும் ஹால் முழுக்கக் கேட்க வைத்தது.

என் கணவர் கணக்கு வாத்தியார். ஆறு வருடங்களுக்கு முன்னால், திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் நிலையத்தில், எனக்கு முறுக்கு வாங்கக் கடைக்குப் போனவர் கடை வாசலிலேயே சாய்ந்துவிட்டார். அடுத்த மாதமே நான் கன்வென்ஷன் மேடையில் நின்றேன். டீச்சருக்கு என்ன விசுவாசம் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அழுதிருக்கிறேன், ஆனால் ஆண்டவரிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. எனக்கும் கோபம் என்பது எனக்கே தெரியவந்தது அந்த மைக்குக்கு முன்னால்தான்.

ஜெபா எழுந்து மேடைக்கு வரப் பார்த்தான். றஞ்சினி வேண்டாம் என்று தலையசைத்தார். என் பக்கத்தில் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“ரீச்சர், இப்ப நீங்க கதையுங்கோ. நான் இங்கிலீஷில சொல்லுறன்.”

“எனக்குப் பேசத் தெரியாது டாக்டர். மத்தவங்க சொல்லுததத்தான் நான் சொல்லுவேன்.”

அவர் சபையைப் பார்த்துத் திரும்பி, ஆங்கிலத்தில், “எனக்குப் பேசத் தெரியாது. மற்றவர்கள் சொல்வதைத்தான் நான் சொல்வேன்” என்றார்.

“ஐயையோ, அதச் சொல்லாதீங்க!”

அதையும் சொன்னார். பாஸ்டர் டேவ் வெடித்துச் சிரித்தார். பிள்ளைகளும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்குள் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று நெகிழ்ந்துவிட்டது.

“எனக்கும் கோவந்தான்” என்றேன். “அவர் போனதுல இருந்து ஆறு வருஷமா கோவம். எல்லாரும் மெச்சினாங்க, அதனால நான் வாயே தொறக்கல. ஏன் இப்பிடிச் செஞ்சீருன்னு அவர்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. கேக்காம இருந்து இருந்து தூரமாயிட்டேன். அவர மனசு ரொம்பத் தேடுது.”

றஞ்சினி வாக்கியம் வாக்கியமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். என் வலி இன்னொருவர் வாயில் ‘நான்’ என்று வருவதைக் கேட்பது விசித்திரமாக இருந்தது. கடைசி வாக்கியத்தை, ‘என் கணவரை மனம் மிகவும் தேடுகிறது’ என்று மொழிபெயர்த்தார்.

என் கை தன்னால் உயர்ந்தது. பழக்க தோஷம். “டாக்டர், நான் ‘அவர்’னுதான சொன்னேன். நீங்க கணவர்னு சொல்லிட்டீங்க.”

“எந்த அவர்?” என்று கேட்டார். “உங்கட அவரோ, ஆண்டவரோ?”

கணவர் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. வீட்டிலும் ‘அவர்’தான், ஆலயத்திலும் ‘அவர்’தான். எந்த அவர் என்று என்னை யாரும் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்தேன்.

“ரெண்டு பேரையுந்தான்” என்றேன்.

றஞ்சினி அதைச் சொல்ல வாயெடுத்தார். முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். பின்வரிசையில் ஒரு பாட்டியம்மாள் ‘ஸ்தோத்திரம்’ என்று சொல்லிக்கொண்டே சிரித்தார். அழுதுகொண்டிருந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். ஹால் முழுவதும் ஒரே நேரத்தில் மூக்கை உறிஞ்சுவதும் சிரிப்பதுமாக இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. பள்ளி ஆண்டுவிழாவில் திரை விலகும்போது வருமே, அந்தப் பரபரப்பு.

அடுத்துப் பேச வேண்டியவர் பாஸ்டர் டேவ். மைக்கைக் கையில் வாங்கினார். “தாழ்மையைப் பற்றி நீண்ட பிரசங்கம் ஒன்று தயாரித்துக்கொண்டு வந்தேன். அதை வீட்டுக்கே திருப்பிக் கொண்டுபோகிறேன். எனக்கு அழுகை வருகிறது, பசியும் எடுக்கிறது. பிரியாணி வாசனை தாங்கவில்லை” என்றார்.

“சாப்பிடலாம்” என்று மொழிபெயர்த்தேன்.

புல்லில் கிடந்து வெயிலில் காய்ந்த பிரியாணி அத்தனை ருசியாக இருந்தது. மதுரைப் பெரியவர் என்னிடம் வந்து, தமக்கும் ஆண்டவரிடம் ஒரு கணக்கு இருக்கிறது என்று சொல்லிவிட்டு, இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டு போனார். ஜெபா தட்டோடு என் பக்கத்தில் உட்கார்ந்தான். என் கணவர் இறந்தபோது க்ரீன் கார்டு விஷயமாக அவனால் ஊருக்கு வர முடியவில்லை.

“நான் வரலன்னு என் மேலயும் கோவமாக்கா?”

“உன் மேலயுந்தான். கொஞ்சம்.”

“சொல்லிருக்கலாம்லா?”

“இப்பத்தான சொல்லப் படிச்சிருக்கேன்” என்றேன். அவன் தன் தட்டிலிருந்த முட்டையை எடுத்து என் தட்டில் வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் றஞ்சினி என்னைத் தம் காரில் ஏற்றிக்கொண்டார். “ரெண்டு நாள் பேர்லாண்டில நில்லுங்கோ. தம்பியிட்டக் கேட்டிட்டன்.” வழியெங்கும் சாலையோரத்தில் நீலப் பூக்கள், யாரும் விதைக்காமலே ஏக்கர் கணக்கில். நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பூக்களுக்கு நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டேன். பாம்பு இருக்கும் என்று அவர் கத்திய பிறகுதான் ஓடி வந்தேன்.

கார் மறுபடி கிளம்பியதும், பாதியில் நின்ற சாட்சியின் மீதியைக் கேட்டேன். “அன்னைக்குக் காருக்குள்ள கத்தினீங்களே, பதில் வந்துச்சா?”

“இல்லை. சத்தமும் இல்லை, வெளிச்சமும் இல்லை. கண்ணாடியைத் துடைச்சிட்டு வீட்டை போனன்.” சிறிது தூரம் ஓட்டினார். “ஆனா, இல்லாத ஆளோட ஒருத்தரும் அப்பிடிச் சண்டை பிடிக்கிறேல்ல, ரீச்சர். பெரிய டொக்டர் எண்டு நிமிர்ந்து நிண்ட காலத்தில ஆண்டவரைப் பற்றி எனக்குக் கனக்கத் தெரியும். வேதப் பாடத்தில நான்தான் முதல் பரிசு. எல்லாம் விழுந்து, வெறும் றஞ்சினியாக் கத்தினன் பாருங்கோ, அண்டைக்குத்தான் அவரைத் தெரிய வந்தது. இப்பவும் எனக்கு விளங்காதது நிறைய இருக்கு. ஆனா இப்ப நேரா அவரிட்டயே கேக்கிறன்.”

என் மனசு காருக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை பேர்லாண்ட் வீட்டில் பிட்டும் சம்பலும். மூங்கில் குழல் கிடைக்காமல் சீனப் பாத்திரத்தில் அவித்திருந்தார். ஆவி பறந்தது. மேசையில் நாங்கள் இருவர் மட்டும்.

“ஜெபம் பண்ணுங்கோ ரீச்சர்.”

கண்ணை மூடினேன். பழக்கப்பட்ட ஜெபம் நாக்கின் நுனியில் தயாராக நின்றது. மகா பரிசுத்தமும் கிருபையும் நிறைந்த எங்கள் பரம பிதாவே என்று தொடங்கி, ஒரு மூச்சில் ஆமென் வரைக்கும் போகக்கூடியது. அதைச் சொல்ல மனசு வரவில்லை.

“அப்பா, நான் சுகிர்தம் பேசுதேன்” என்றேன்.

அதற்கு மேல் எப்படி வந்தது என்று தெரியாது. பஸ் நிலையத்தைச் சொன்னேன். முறுக்கைச் சொன்னேன். ஏன் என்று கேட்டேன், இரண்டு தடவை கேட்டேன். காலியாகக் கிடக்கும் ஈசிசேரைச் சொன்னேன். அப்புறம் மரத்துப் பூக்களைச் சொன்னேன், நீலப் பூக்களைச் சொன்னேன், அந்தக் காபிக் கிண்ணம் எவ்வளவு பெரிது என்று கூடச் சொன்னேன். அழுகிறேனா சிரிக்கிறேனா என்று பிரிக்கத் தெரியவில்லை. யாரோ மிகப் பக்கத்தில் உட்கார்ந்து, குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பது போல இருந்தது. ஆகவே இன்னும் கொஞ்சம் சொன்னேன்.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது பிட்டு ஆறி, கட்டியாகிப் போயிருந்தது. றஞ்சினி எழுந்து இரண்டு தட்டுகளையும் மைக்ரோவேவில் வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“கனகாலம் கதைக்காம இருந்திருக்கிறியள் போல” என்றார்.